ஏழு முறை வயிற்று நீர் எடுத்த பிறகு: திருச்சியில் ஒரு கல்லீரல் டே-கேர் பிரிவு

அம்மாவுக்கு சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகும் நோய். மது வாடையே அறியாதவர். பல வருடமாகச் சர்க்கரை, அதோடு கொழுப்புக் கல்லீரல். அது இறுகிச் சுருங்கி, இப்போது மாத்திரைக்கும் வற்றாமல் வயிற்றில் நீர் கோக்கிறது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடுத்தாக வேண்டும். அதற்காகத்தான் கும்பகோணத்திலிருந்து திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் டே-கேர் பிரிவுக்குப் போய் வருகிறோம். இதுவரை ஏழு முறை. எங்களைப் போல அலைகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

நான் தையல் கடை வைத்திருப்பவள். ஊசி எப்படி இறங்குகிறது என்பதை என் கண் தானாகவே கவனிக்கும். இங்கே முதலில் ஸ்கேன் வைத்து நீர் எங்கே ஆழமாக நிற்கிறது என்று பார்த்து, இடது அடிவயிற்றில் குறி போடுகிறார்கள். மரத்துப்போக ஊசி போட்ட பிறகு, டாக்டர் தோலை இரண்டு விரலால் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டே குத்துகிறார். ஊசியை எடுத்ததும் தோல் பழைய இடத்துக்கு நழுவி, மேல் ஓட்டையும் உள் ஓட்டையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் போய்விடும். நீர் கசியாது. இதற்கு முன் போன இடத்தில் இப்படிச் செய்யவில்லை. இரண்டு நாள் அம்மாவின் புடவை நனைந்துகொண்டே இருந்தது.

அந்தப் பழைய இடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆறு லிட்டர் எடுத்துவிட்டு, ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை நரம்பு வழியாக ஏற்றாமலே வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் பி.பி. இறங்கி, சிறுநீரும் குறைந்துவிட்டது. ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு எட்டு கிராம் என்ற கணக்கில் ஆல்புமின் ஏற்ற வேண்டும் என்பதே எனக்குத் திருச்சிக்கு வந்த பிறகுதான் தெரியும். எடுத்த நீரையும் அங்கே சோதிக்கவில்லை, அப்படியே கொட்டிவிட்டார்கள்.

இந்தப் பிரிவை நான் நம்புவதற்குக் காரணமே அந்தச் சோதனைதான். ஒவ்வொரு முறையும், அம்மா நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும், முதலில் வரும் நீரில் கொஞ்சம் செல் கவுண்ட்டுக்கு, அதாவது நீரிலுள்ள அணுக்களை எண்ணும் சோதனைக்குப் போகிறது. கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பாட்டில்களில் கட்டில் பக்கத்திலேயே சிஸ்டர் நீரை ஏற்றிவிடுகிறார். லேபுக்குப் போன பிறகு ஏற்றினால் கிருமி வளர்ந்து தெரிவதற்கான வாய்ப்பு குறையுமாம்.

ஐந்தாவது முறை போனபோது அம்மா சோர்வாக இருந்தார். பஸ்ஸில் இரண்டு தடவை "தஞ்சாவூர் வந்துடுச்சா?" என்று கேட்டார், தாண்டி வெகுநேரம் ஆகியிருந்தது. காய்ச்சல் இல்லை, 98.4தான். வயிற்று வலியும் இல்லை. நீர் மட்டும் வழக்கமான வெளிர் மஞ்சளாக இல்லாமல் கஞ்சித் தண்ணீர் மாதிரி லேசாகக் கலங்கி வந்தது. "இன்னைக்கு ஊருக்குப் போகாதீங்கம்மா, ரிப்போர்ட் வரட்டும்" என்று சிஸ்டர் எங்களை உட்கார வைத்தார். மூன்று மணிக்கு ரிப்போர்ட் வந்தது. நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணு, ஒரு கன மில்லிமீட்டருக்கு 640. 250ஐத் தொட்டாலே வயிற்று நீரில் தொற்று என்று எடுத்துக்கொண்டு உடனே மருந்து தொடங்கிவிடுவார்களாம். கல்ச்சரில் பல சமயம் எதுவும் வளராது என்பதால் அதற்காகக் காத்திருப்பதில்லை. அம்மாவுக்கும் கடைசிவரை எதுவும் வளரவில்லை.

அத்தனை அணுக்கள் வந்து குவிந்தும் ஏன் காய்ச்சலே அடிக்கவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். நின்று பதில் சொன்னார். குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குப் போகும். அங்கே குப்ஃபர் செல்கள் கிருமிகளைப் பிடித்து விழுங்கிவிடும். கல்லீரல் இறுகினால் ரத்தத்தில் ஒரு பங்கு சுற்றுவழியில் போய்விடுகிறது, கிருமியும் அதோடு தப்பிக்கிறது. குடல் சுவரும் கசிவதால் எதிர்ப்பு அணுக்கள் இரவு பகலாகத் தூண்டப்பட்டே இருக்கின்றன. அதனால் சும்மா இருக்கும்போதே கொதித்துக்கொண்டிருக்கும், உண்மையான கிருமி வரும்போது விழுங்க வலு இருக்காது. தையல் மெஷினில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தும் ஊசி துணியைப் பிடிக்காத நிலை என்று நான் புரிந்துகொண்டேன். அதுபோக, கிருமியின் மேல் ஒட்டி அணுக்களுக்கு அடையாளம் காட்டும் காம்ப்ளிமென்ட் புரதங்களைச் செய்வதும் பெரும்பாலும் கல்லீரல்தான். அதுவும் குறைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட உடம்பில் காய்ச்சல் வரும் என்று காத்திருக்க முடியாது என்றார். எனக்கு அப்போதுதான் வயிறு கலங்கியது. போன இடத்திலேயே தொடர்ந்திருந்தால் அன்று மாலை பஸ் ஏறியிருப்போம்.

அன்றே அட்மிஷன். நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக். சிறுநீரகம் கெடாமலிருக்க முதல் நாள் கிலோவுக்கு ஒன்றரை கிராம், மூன்றாம் நாள் ஒரு கிராம் ஆல்புமின். அம்மாவின் எடைக்கு முதல் நாள் மட்டும் நான்கு புட்டி, செலவு கனமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் கழித்து மறுபடி நீர் எடுத்துப் பார்த்தார்கள். 640 என்பது 170 ஆகியிருந்தது. அன்று காலை அம்மா என் முகத்தைப் பார்த்து, "கடைய யாருடி பாத்துக்கிறா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. இப்போது தொற்று திரும்பாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை. நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசிகளையும் இங்கேதான் நினைவூட்டிப் போட்டார்கள்.

குறைகள் இருக்கின்றன. பில் கவுண்ட்டரில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கிறது, அவ்வளவு நேரமும் நோயாளி சக்கர நாற்காலியிலேயே. டிஸ்சார்ஜ் தாள் முழுக்க ஆங்கிலம். எந்த அறிகுறிக்குத் திரும்பி வர வேண்டும் என்ற ஒரு பத்தியையாவது தமிழில் தரலாம், வீட்டில் பார்த்துக்கொள்வது நாங்கள்தானே. கேன்டீனில் உப்பில்லாத சாப்பாடு கிடைக்காது. உப்பு குறைக்கச் சொல்லி அனுப்பும் பிரிவுக்குக் கீழ்த்தளத்திலேயே இப்படி இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கருத்துப் புத்தகத்தில் இரண்டு முறை எழுதினேன்.

போகிறவர்கள் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பத்தைத் தாண்டினால் செல் கவுண்ட் மறுநாள்தான் வருகிறது. உப்பில்லாத தயிர் சாதமும், மாற்றுப் புடவை ஒன்றும், பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாமும் கையில் இருக்கட்டும். எந்த ஊரில் எடுத்தாலும் சரி, நீரை வாளியில் கொட்டுவதற்கு முன் "செல் கவுண்ட் அனுப்பியாச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.