ஒரே பயணத்தில் வால்ஐ, ஸ்மால்மவுத் பாஸ்: சில கோடைகளின் பயன்பாட்டு அனுபவம்

டொராண்டோவிலிருந்து வடக்கே நாலு மணி நேர ஓட்டத்தில் இருக்கும் பிரெஞ்சு நதிக்கும் நிப்பிஸிங் ஏரிக்கும் கோடையானால் வால்ஐ, ஸ்மால்மவுத் பாஸ் என்ற இரண்டு நன்னீர் மீன்களைப் பிடிக்கக் கிளம்பிவிடுவது சில வருடங்களாகவே வழக்கமாகிவிட்டது, சாமான்களும் பெரும்பாலும் அதே சாமான்கள்தான். போகலாம் என்று இருப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது "என்ன தூண்டில் ராட் வாங்கலாம்?" என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேட்டால் போதும். எந்த வாரம் போகிறோம், படகு எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை நம் கையில் இருக்கும், இந்த இரண்டும் சரியாக அமைந்தால் சுமாரான ராடிலும் மீன் ஏறும்.

வாரம் என்றால் ஜூலை முதல் பாதி. வால்ஐக்கு (பிக்கரெல் என்றுதான் அங்கே இரைக் கடைக்காரர் சொல்வார்) அந்தப் பக்கம் மே மூன்றாவது சனிக்கிழமையே சீசன் திறந்துவிடும். ஆனால் ஸ்மால்மவுத்துக்கு ஜூன் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டும், ஏனென்றால் முட்டையிட்ட பிறகு ஆண் மீன்தான் கூட்டைக் காவல் காக்கிறது, அதைத் தூக்கிவிட்டால் சின்ன மீன்கள் வந்து முட்டையைக் காலி செய்துவிடும். மே, ஜூனில் கருப்பு ஈக்கடி வேறு தாங்காது. ஜூன் முடிவில் பள்ளியும் விட்டுவிடுவதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கும் ஜூலைதான் தோது. ஆனால் எல்லோருக்கும் அதே யோசனைதான் என்பதால் நல்ல கேபின்கள் குளிர்காலத்திலேயே போய்விடும், ஏப்ரலில் தேடினால் மிச்சம் மீதிதான்.

படகு நேரம் ஏன் முக்கியம் என்றால், வால்ஐயின் கண் இருட்டில் பார்க்கிற கண். விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது, ராத்திரி தலைவிளக்கை அடித்தால் தண்ணீருக்குள் பூனைக்கண் மாதிரி மின்னும். அதனால் அது இரை தேடுவது விடியற்காலையிலும் அந்தியிலும்தான், பகலில் என்றால் காற்றடித்து அலை புரளும்போது. ஜூலை தொடக்கத்தில் அங்கே ஐந்தரைக்கு விடிந்து இரவு ஒன்பது தாண்டித்தான் சூரியன் மறைகிறது. ஒரு தடவை தங்கிய லாட்ஜில் படகைக் காலை எட்டு மணிக்குத்தான் கொடுப்பார்கள், மாலை ஏழுக்குத் திருப்பிக் கட்டிவிட வேண்டும். வால்ஐ சாப்பிடுகிற நேரம் முழுக்கக் கரையில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கியதுதான் மிச்சம். பேர் வேண்டாம், ஆனால் முன்பணம் கட்டுவதற்கு முன்னால் இதை மட்டும் போனில் கேட்டுவிடுங்கள். கூடவே சோனார் (தண்ணீருக்குள் ஆழத்தையும் மீனையும் காட்டும் கருவி) உண்டா, மோட்டார் எத்தனை குதிரைசக்தி, லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று இருக்குமா என்பதையும். மோட்டார் படகு ஓட்டக் கனடாவில் ஆபரேட்டர் கார்டு வேண்டும், ஒருமுறை எடுத்தால் ஆயுளுக்கும் போதும்.

சரி, சாமான். ஏழடி மீடியம் ஸ்பின்னிங் ராட், 2500 அளவு ரீல், பத்து பவுண்டு தாங்கும் பிரெய்டு (பின்னிய தூண்டில் நரம்பு), முனையில் எட்டு பவுண்டு ஃப்ளூரோகார்பன் லீடர் (கொக்கிக்கு முன்னால் கட்டும் குட்டை நரம்பு). இரண்டு மீனுக்கும் இதே செட்தான், வேறு எதுவும் தேவைப்படவில்லை. பிரெய்டு நிறம் வெளுத்துப்போனதே தவிர பலம் குறையவில்லை, தேய்ந்த பாதி அடியில் போகும்படி ஒரு தடவை தலைகீழாகச் சுற்றிக்கொண்டேன். ரீலில் நரம்பு ஓடும் சின்ன உருளை மட்டும் வருடத்துக்கு ஒருமுறை கீச்சிடும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் அடங்கிவிடும். நைலான் கைவலையைத் தூக்கிப் போட்டுவிட்டு ரப்பர் வலை வாங்கியதுதான் கொடுத்த காசுக்கு உருப்படியான செலவு: மூன்று முனைக் கொக்கி சிக்காது, மீனின் மேல்வழவழப்பும் உரியாது. ஏமாற்றியது என் சோனாரைப் படகில் ஒட்டவைக்கும் உறிஞ்சுகுப்பி, கொஞ்சம் வேகமெடுத்தாலே பிய்த்துக்கொண்டு வரும். இப்போது ஒரு மரக்கட்டையில் திருகி, கிளாம்ப் போட்டுப் படகில் மாட்டுகிறேன், அசையவே இல்லை.

வால்ஐக்கு அந்தி நேரத்தில் நரம்பில் நழுவும் தக்கையும், இரையாக உயிருள்ள நீர் அட்டையும் போதும். வெதுவெதுப்பான தண்ணீரில் சின்ன மீன் இரை சீக்கிரம் செத்துவிடும், அட்டை தாங்கும். தண்ணீருக்குள் மூழ்கிய பாறைத் திட்டின் ஓரமாக, அடியிலிருந்து ஒரு முழம் மேலே நிற்கும்படி விட வேண்டும். தக்கை டபக்கென்று முங்காது. லேசாகச் சாயும், பிறகு காற்றுக்கு எதிர்ப்பக்கம் மெதுவாக நகரும். அப்போது நரம்பின் தொய்வை எடுத்துவிட்டு ராடைத் தூக்கினால் போதும், கை பதறி வெட்டி இழுத்தால் அட்டை மட்டும் திரும்பி வரும். இரை வாங்கிய ரசீதைப் பையில் வைத்திருங்கள், 2022 முதல் இரைக்கும் மண்டலக் கட்டுப்பாடு உண்டு, ஒரு மண்டலத்தில் வாங்கியதை இன்னொன்றுக்கு எடுத்துப்போகக் கூடாது.

வெயில் ஏறினால் ஸ்மால்மவுத். பிரெஞ்சு நதியில் பாறைக்கா பஞ்சம்? பாறை இருக்கும் இடத்தில் கல்நண்டு (கிரேஃபிஷ்) இருக்கும், கல்நண்டு இருக்கும் இடத்தில் இது இருக்கும். பழுப்பும் பச்சையும் கலந்த டியூப் (குழாய் வடிவ ரப்பர் பொய்யிரை) ஒன்றை ஏழு கிராம் ஜிக்கில் (எடை வைத்த கொக்கி) கோத்துக் கல்லுக்குக் கல் தத்தவிட்டால் கடிக்கும். நிறைய ஜிக் தொலையும், இரண்டு மடங்காக வாங்கி வையுங்கள். மாட்டிக்கொண்டால் ஒன்றுக்கு இரண்டு தடவை தண்ணீரைவிட்டு எகிறும். சண்டை என்று பார்த்தால் வால்ஐ இதன் பக்கத்தில்கூட வராது, ருசியில்தான் வால்ஐ. அதனால் பாஸை எல்லாம் விட்டுவிடுகிறேன். கீழ் உதட்டைப் பிடித்துத் தூக்கலாம், ஆனால் அதே பழக்கத்தில் வால்ஐயின் வாயில் விரலை விட்டால் பல் பதம் பார்த்துவிடும், செவுள் மூடியும் வெட்டும்.

நிப்பிஸிங் பெரிய ஏரிதான், ஆனால் சராசரி ஆழம் நாலரை மீட்டர்தான், காற்று வந்தால் அரை மணியில் கொந்தளிக்கும். அப்படிப்பட்ட நாட்களுக்காகவே நதியின் வாய்க்கால்களுக்குப் பக்கத்தில் கேபின் எடுப்பது. ஆழமான மடுக்களில் ஒன்பது மீட்டருக்குக் கீழே போய் வால்ஐ பிடித்துத் தண்ணீரில் திருப்பி விடுவதில் அர்த்தமில்லை, மேலே வரும்போது காற்றுப்பை வீங்கிவிடும், விட்டாலும் பிழைப்பது சந்தேகம்.

லைசன்ஸ் கன்சர்வேஷன் வகையே போதும், விலையும் குறைவு, எடுத்துவரும் எண்ணிக்கையும் குறைவு. நிப்பிஸிங்கில் 2014இல் வால்ஐக்கு 46 செ.மீ. குறைந்தபட்ச அளவு கொண்டுவந்தார்கள், கிளம்பும் முன் அந்த வருட விதிகளை ஒருமுறை பார்த்துவிடுங்கள். துண்டு போடுவதைப் படகில் செய்யாமல் கேபினில் செய்யுங்கள். முள் எடுப்பது சுலபம், மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவி வாணலியில் போட்டால் அன்றைக்கே பாதி தீர்ந்துவிடும். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதென்றால் ஒவ்வொரு துண்டிலும் கொஞ்சம் தோலை விட்டுத் தனித்தனியாகப் பரப்பி உறையவையுங்கள். ஒரே கட்டியாக உறைந்துவிட்டால் என்ன மீன், எத்தனை மீன் என்று வழியில் நிறுத்தும் அதிகாரியால் எண்ண முடியாது, அதற்கே அபராதம் போடுவார்.