வீட்டுத் தோட்டத்துக்குக் குண்டுமல்லியா, பிச்சியா?

ஒரே ஒரு மல்லிகைச் செடிக்குத்தான் இடம் இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் மணத்தை வைத்தே முடிவெடுக்கிறார்கள். ஆனால் செடி எவ்வளவு இடம் கேட்கும், எந்த மாதத்தில் கவாத்து (கிளைகளை வெட்டிவிடுதல்) கேட்கும் என்பவற்றை முதலில் பார்ப்பதே சரி என்பது என் கருத்து. மணத்தில் குண்டுமல்லியும், ஜாதிமல்லி என்று பலர் அழைக்கும் பிச்சியும் ஒன்றுக்கொன்று இளைத்தவை அல்ல.

குண்டுமல்லி அடக்கமான புதர். வயலில் செடிக்குச் செடி 1.25 மீட்டர் இடைவெளி போதும் என்பதால், வடிகால் நன்றாக உள்ள பெரிய தொட்டியிலும் அதை வளர்த்துவிடலாம். பிச்சியோ நீண்டு வளைந்து தொங்கும் கிளைகளை உடையது. வரிசைக்கு வரிசை 2 மீட்டர், செடிக்குச் செடி 1.5 மீட்டர் விடுவது வழக்கம். மதில் ஓரமோ பந்தலோ இல்லாத வீட்டில் அது கிளைகளைச் சுற்றிலும் பரப்பி நடைபாதையை அடைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நாள் முழுதும் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் இலை செழிக்கும், மொட்டு வராது.

கவாத்தில்தான் பலர் தவறுகிறார்கள். புதிய தளிரில்தான் மொட்டு கட்டும் என்பதால், வெட்டத் தயங்கினால் பூ குறையும். குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்திலும், பிச்சியை டிசம்பர் கடைசி வாரத்தில் சுமார் 45 சென்டிமீட்டர் உயரத்திலும் வெட்ட வேண்டும். வெட்டியதும் செடிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் இட்டு நீர் பாய்ச்சினால், குண்டுமல்லி மார்ச் வாக்கில் மொட்டுவிடத் தொடங்கிக் கோடை முழுதும் கொட்டும்.

பூச்சித் தொல்லையில் குண்டுமல்லிக்குக் கவனம் கூடுதலாகத் தேவை. மொட்டுப்புழு மொட்டைத் துளைத்து உள்ளிருப்பதைத் தின்றுவிடும். மொட்டு ஈ தாக்கினால் மொட்டு ஊதா நிறமாகி, விரியாமலே வாடும். அந்த ஈயின் புழு மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாவதால், கெட்ட மொட்டுகளைப் பறித்து அழிப்பதோடு தூரைச் சுற்றி மண்ணைக் கிளறிவிடுவதும் அவசியம்; மருந்தை மட்டும் நம்புவது வீண்செலவு. இலை நரம்பு பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறை; லிட்டர் நீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) கலந்து இலைமேல் தெளிக்கலாம்.

பூவின் தன்மையும் வேறு. குண்டுமல்லியின் தடித்த இதழ் தொடுத்த பிறகும் நெடுநேரம் நிற்கும். பிச்சியின் இதழ் மெல்லியது, சீக்கிரம் வாடும். ஆனால் மொட்டின் அடிப்புறத்தில் ஓடும் இளஞ்சிவப்பு வேறு எந்த மல்லிகையிலும் இவ்வளவு அழகாக அமைவதில்லை என்பேன்.

மாடியில் தொட்டி வைப்பவருக்குக் குண்டுமல்லியையே சொல்வேன். ராமநாதபுரம் பகுதி நாற்றுகளுக்கு நெடுநாளாக நல்ல பெயர் உண்டு. வேர் நன்கு பிடித்த பதியனாகப் பார்த்து வாங்குங்கள். தரையில் வெயில்படும் மதிலும், ஆண்டுதோறும் டிசம்பரில் அரிவாளை எடுக்கும் மனமும் உள்ளவர் பிச்சியைத் தயங்காமல் நடலாம்.