விண்டோஸ் 11 டெஸ்க்டாப்: பழகிய கை எங்கே இடறும்?

விண்டோஸ் 10-லிருந்து வருபவர்களை முதலில் குழப்புவது நடுவுக்கு நகர்ந்துவிட்ட ஸ்டார்ட் பட்டன். இடது மூலைக்கே ஓடும் கை, அங்கே வானிலை, செய்திகள் காட்டும் விட்ஜெட் பலகையைத் திறந்துவைக்கும். டாஸ்க்பாரில் ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், பிஹேவியர்ஸ் பகுதியில் அலைன்மென்ட் ‘லெஃப்ட்’. தீர்ந்தது.

ரைட் கிளிக் மெனுதான் உண்மையான எரிச்சல். பழைய மென்பொருள்கள் சேர்த்த வசதிகள் பல ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ உள்ளே ஒளிந்திருக்கின்றன. ஷிஃப்டை அழுத்தியபடி ரைட் கிளிக் செய்தால் முழு மெனுவும் நேராக வரும். இதை ஏன் யாருக்கும் தெரியாமல் வைத்தார்களோ!

விண்டோக்களைத் திரையில் பக்கம் பக்கமாக அடுக்கித் தரும் ஸ்னாப் லேஅவுட் அருமை. விண்டோஸ் கீயுடன் இசட், பிறகு எண்களை அழுத்தினால் போதும், மவுஸ் வேண்டாம். 1920 பிக்சல் அகலத் திரையில் ஸ்கேலிங் (எழுத்து, ஐகான்களைப் பெரிதாக்கும் அளவு) 150 சதவீதமாக இருந்தால் மூன்று பத்தி அமைப்பு காட்டாது. அது கோளாறு அல்ல, இடம் போதாததுதான் காரணம்.

அதே கணினியில் வேறு விண்டோக்களுக்குத் தனியாக இன்னொரு டெஸ்க்டாப் வேண்டுமா? விண்டோஸ், கண்ட்ரோல், டி (D) மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டெஸ்க்டாப் விட்டு டெஸ்க்டாப் மாற, விண்டோஸ், கண்ட்ரோலுடன் இடது அல்லது வலது அம்புக்குறி. ஒரு டெஸ்க்டாப்பை மூடினாலும் அதிலிருந்த விண்டோக்கள் மூடாது, பக்கத்து டெஸ்க்டாப்பில் போய்ச் சேரும்.

விண்டோஸ் கீயும் வி-யும் கிளிப்போர்டு வரலாற்றை, அதாவது முன்பு காப்பி செய்தவற்றின் பட்டியலைத் தரும். ‘பின்’ செய்யாதவை ரீஸ்டார்ட்டில் அழிந்துவிடும்.