தானியங்கி அலமாரியோடு இரண்டு வருடம்

குடியிருப்பின் கீழ்த்தளத்தில், ஆள் இல்லாமலே பொருள் விற்கும் அந்தக் கண்ணாடி அலமாரியை வைத்து இரண்டு வருடம் ஆகிறது. சுருள்கம்பி சுழன்று பொருளைக் கீழே தள்ளும் பழைய மெஷின் மாதிரி இல்லை. ஆப்பில் ஸ்கேன் செய்தால் பூட்டு திறக்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினால் போதும், கேமராவும் தட்டுக்கு அடியில் உள்ள எடை சென்சாரும் சேர்ந்து கணக்குப் போட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளும். ராத்திரி ஒன்றரை மணிக்குக் குழந்தைக்கு டயபர் தீர்ந்தபோது செருப்புகூட மாட்டாமல் இறங்கிப் போய் எடுத்து வந்தேன். அன்றைக்குக் கேட்டிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அப்புறம் வந்தது பற்பசை விவகாரம். ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று பக்கத்துத் தட்டில் வைத்துவிட்டேன். என் தப்புதான். ஒரு தட்டில் எடை குறைய, இன்னொன்றில் கூட, அது குழம்பிப்போய்ப் பற்பசைக்குப் பணம் பிடித்துவிட்டது. பற்பசை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்க, நான் இந்தப் பக்கம் நின்று புகார்ப் படிவம் நிரப்பினேன். ஒன்பது நாள் கழித்துப் பணம் வந்தது. கதவு திறக்கும்போதே கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பது வேறு. மிச்சம் விடுபட சில நாள் ஆகும், மாசக் கடைசியில் உறைக்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என் குறை சரக்கில்தான். இருப்பது ஐந்தாறு தட்டு, விற்பனைக் கணக்கைப் பார்த்து நிரப்புகிறார்கள், அதனால் மெதுவாகப் போகிற பொருளுக்கு இடமே கிடையாது. முதலில் ஊசி நூல், பட்டன் செல் என்கிற சின்ன வட்ட பேட்டரி எல்லாம் இருந்தன, ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. முனைக் கடைக்காரரோ வருஷத்துக்கு ஒருவர் கேட்பதையும் மேல்தட்டில் போட்டு வைத்திருப்பார், ஸ்டூலில் ஏறி எடுத்து, தூசியை ஊதிக் கொடுப்பார்.

2017-இல் அமெரிக்காவில் கூகுளின் முன்னாள் ஊழியர்கள் இருவர் இதே போன்ற பெட்டியைக் கொண்டுவந்து, நியூயார்க்கில் தெருமுனைக் கடையைக் குறிக்கும் 'போடேகா' என்ற பெயரையே அதற்கு வைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். பெயரை 'ஸ்டாக்வெல்' என்று மாற்றியும் 2020-இல் மூட வேண்டியதாயிற்று. சிறு கடைக்காரர் பிழைப்பு என்ன ஆவது என்றுதான் அன்று எல்லோரும் கேட்டார்கள். ஊசி நூல் எங்கே கிடைக்கும் என்பதும் எனக்குக் கேள்விதான்.

போன வாரம் தெர்மாமீட்டருக்கு எல்ஆர்41 பட்டன் செல் தேவைப்பட்டது. ஆப்பில் 'பொருளைப் பரிந்துரை செய்' என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன், 'நன்றி' என்றது. செல் வாங்கியது முனைக் கடையில்.