தோப்புக்குள் வைஃபை: கியூபிஎஸ்கேவா, 16 கியூஏஎம்மா?

பொள்ளாச்சிப் பக்கத் தென்னந்தோப்பில், சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) 200 மீட்டர் தள்ளிக் கிணற்றடிக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு. கியூபிஎஸ்கே, 16 கியூஏஎம் இரண்டும் ரேடியோ அலையில் தகவலை ஏற்றும் முறைகள். ஒரு குறிக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பும் அலைத்துண்டுக்கு, கியூபிஎஸ்கே 2 பிட் சுமக்கும், 16 கியூஏஎம் 4 பிட். 20 மெகாஹெர்ட்ஸ் வைஃபையில், அரைவிகிதப் பிழைதிருத்தத்தோடு (அனுப்பும் பிட்டுகளில் பாதியளவே தகவல்), முறையே 12 எம்பிபிஎஸ், 24 எம்பிபிஎஸ். தரநிலை கேட்கும் ஏற்புத்திறன், அதாவது ரிசீவர் பிடித்தாக வேண்டிய மிகக் குறைந்த சிக்னல், மைனஸ் 79, மைனஸ் 74 டிபிஎம். வெறும் 5 டெசிபல்தானே என்று தோன்றும்.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே வந்து மட்டைகளை உலுக்கும்போதுதான் வண்டவாளம் தெரியும். நேர்ப்பார்வை அடைபட்டு, சிதறி வரும் அலைகள் மட்டும் மிஞ்சினால், அவை ஒன்றையொன்று கூட்டியும் கழித்தும் சிக்னல் ஏறி இறங்கும்; இதுதான் ராலே மங்கல். திருத்தமில்லாத கியூபிஎஸ்கே ஆயிரம் பிட்டுக்கு ஒரு பிழையில் நிற்க, மங்கல் இல்லாதபோது ஒரு பிட்டின் ஆற்றல் இரைச்சலைவிட சுமார் 7 டெசிபல் மேலே இருந்தால் போதும். ராலேயில் 24 வேண்டும். கியூபிஎஸ்கே அலையின் கட்டத்தில் மட்டும் தகவலை வைக்கும்; 16 கியூஏஎம் வீச்சிலும் (அலையின் உயரம்) வைப்பதால் இன்னும் மோசம். பெருக்கியை முழுசாக முடுக்கினால் அதன் வெளிப்புள்ளிகள், அதாவது வீச்சு அதிகமுள்ள குறிகள், நசுங்கும்.

இரண்டாவது ஆன்டெனாவை அரை அலைநீளம், அதாவது 6 செ.மீ.க்கு மேல் தள்ளி வைத்து இரண்டையும் சரியாகக் கூட்டினால், அந்த 24 ஒவ்வொன்றிலும் சுமார் 11 ஆகும். பவரைக் கூட்டுவதைவிட இது மேல்.

மோட்டார் ஸ்டார்ட்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு கியூபிஎஸ்கே. கேமராவுக்கு 16 கியூஏஎம்தான் வேண்டுமென்றால், 25 அடி வரிசைச் சந்து வழியே, கொண்டைக்குக் கீழே 3 மீட்டர் உயரத்தில் நேராகக் குறிபாருங்கள்.