கடிதம் மடித்து உறையில் போடும் மெஷின்: எட்டு மாத அனுபவம்

எங்கள் கடன் சங்கத்தில் உறுப்பினர்களுக்குக் கணக்கு விவரம் அனுப்பும் வேலை என்னுடையது. முன்பு நாலு பேர் உட்கார்ந்து இரண்டு நாள் மடிப்போம். இப்போது மேஜை மேல் வைக்கிற மெஷின் ஒன்று, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, அரை நாளில் முடித்துவிடுகிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது தாள் போகும் விதம். ரப்பர் உருளை தாளை இழுத்ததும் அதன் முனை அகச்சிவப்பு சென்சாரின் ஒளியை மறைக்கிறது. அங்கிருந்து மெஷின், மோட்டார் சுழலச் சுழல வரும் மின் துடிப்புகளை எண்ண ஆரம்பிக்கும். இத்தனை துடிப்புக்குள் தாள் அடுத்த சென்சாரைத் தொடாவிட்டால், சிக்கியதாக எடுத்துக்கொண்டு உடனே நின்றுவிடும். 297 மி.மீ. ஏ4 தாள் மூன்றாக மடிந்தால் 99 மி.மீ.; உறையின் உயரம் 110. மிச்சம் 11 மி.மீ. தான், அதனால் தாள் நகரும் நேரம் தவறக்கூடாது!

இரண்டு தாள் ஒட்டி வந்தாலும் தடிமனை வைத்துக் கண்டுபிடித்து நிறுத்துகிறது. ஒருவர் கடன் விவரம் இன்னொருவர் வீட்டுக்குப் போகாது என்பது பெரிய நிம்மதி.

மூன்றாம் மாதம் தாளே இல்லாமல் 'சிக்கல்' என்று காட்டியது. சர்வீஸுக்கு வந்தவர் போர்டை மாற்றச் சொன்னார். மனசு கேட்காமல், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சென்சார் மேல் படிந்திருந்த காகிதத் தூசியை மெல்லிய பிரஷ்ஷால் தட்டினேன். ஓடிவிட்டது. உருளை வழுக்கினாலும் தாள் தாமதமாகும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைக்கிறேன். மழைக்காலத்தில் தாள் கட்டை முந்தின நாளே பிரிக்காதீர்கள், ஈரம் ஏறி ஒட்டிக்கொள்ளும்.

வாங்குவதற்கு முன் உருளை உதிரியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள்.