டிஎச் எப்போது கைவிட்டுப் போகும்: மேஜர் லீக், அட்லாண்டிக் லீக், சாஃப்ட்பால்

பேஸ்பாலில் பிட்சருக்கு (பந்து வீசுபவருக்கு) பதிலாக பேட்டிங் மட்டும் செய்பவர் டெசிக்னேட்டட் ஹிட்டர், சுருக்கமாக டிஎச். அமெரிக்காவின் உச்சத் தொடரான மேஜர் லீகின் இரு பிரிவுகளில் அமெரிக்கன் லீக் 1973லேயே இதைக் கொண்டுவந்தது; நேஷனல் லீக் நிரந்தரமாக ஏற்றது 2022இல். ஆள் மாற்றும்போது எந்த விதி எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதில்தான் வித்தியாசமே.

மேஜர் லீக் விதி கறாரானது. ஐபிஎல் இம்பாக்ட் பிளேயர் மாதிரி ஆட்டத்தின் நடுவில் யோசித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை. தொடக்க லைன்-அப் அட்டையில் டிஎச் பெயர் இல்லையென்றால் அன்றைக்கு டிஎச் கிடையாது. பெயர் எழுதிய பிறகும், எதிரணி பிட்சரை மாற்றாதவரை, அவர் ஒருமுறையாவது பேட் பிடித்தாக வேண்டும். பொம்மைப் பெயர் போட்டு ஏமாற்ற முடியாது. டிஎச்சுக்காக பின்ச் ஹிட்டரோ (மாற்று பேட்டர்) பின்ச் ரன்னரோ (மாற்று ஓட்டக்காரர்) வந்தால் அவரே புது டிஎச். வரிசையில் இடம் மாறாது.

சிக்கல் பீல்டிங்கில். 4ஆவதாக ஆடும் டிஎச்சை, 7ஆவதாக ஆடும் கேட்சருக்கு (விக்கெட் கீப்பர் மாதிரி நிற்பவர்) பதில் பீல்டிங்கில் இறக்குகிறீர்கள் என்று வையுங்கள். டிஎச் 4ஆம் இடத்திலேயே தொடர்வார். 7ஆம் இடம் பிட்சர் தலையில் விழும். அந்த முறை வரும்போதெல்லாம் ஒன்று பிட்சரே மட்டையைத் தூக்க வேண்டும், அல்லது பின்ச் ஹிட்டரை விட்டு அந்தப் பிட்சரை இழக்க வேண்டும். மாற்று கேட்சரையே டிஎச்சாக வைக்க மேனேஜர்கள் தயங்குவது இதனால்தான்.

பந்துவீச்சு, பேட்டிங் இரண்டும் செய்யும் ஷோஹெய் ஓதானியின் பெயரால் அழைக்கப்படும், 2022இல் சேர்த்த ஓதானி விதி ஒரு விலக்கு. தொடக்க பிட்சரே தனக்கு டிஎச்சாகவும் இருந்தால், இருவேறு ஆட்களாகக் கணக்கு. 2025 வேர்ல்ட் சீரிஸ் (மேஜர் லீக் இறுதித் தொடர்) 7ஆவது ஆட்டத்தில் 3ஆவது இன்னிங்ஸில் பந்துவீச்சிலிருந்து எடுக்கப்பட்ட ஓதானி, டிஎச்சாகத் தொடர்ந்தார். அவரே டிஎச்சாகத் தொடங்கி நடுவில் பந்துவீச வந்திருந்தால் டிஎச் காலி. பந்துவீச்சை முடித்த பின் அவுட்ஃபீல்டு போன்ற வேறு பீல்டிங் இடத்துக்குப் போனால்தான் ஆட்டத்தில் நீடிக்க முடியும். அவரை முதலிலேயே பந்துவீச வைத்தது வசதியான கணக்கு.

மேஜர் லீகுக்கு வெளியே உள்ள அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான அட்லாண்டிக் லீக் 2021இல் சோதித்த 'டபுள் ஹுக்' நேர் எதிர்: தொடக்க பிட்சர் வெளியேறினால் டிஎச்சும் வெளியே. தொடக்கத்தில் ஓரிரு இன்னிங்ஸுக்கு மட்டும் ஒரு பிட்சரை விடும் உத்திக்கு இது கடிவாளம்.  தொடக்க பிட்சர் 5 இன்னிங்ஸ் முடித்தால் டிஎச் தங்கும் என்று 2022இல் தளர்த்தினார்கள்.

மாற்றங்களுக்கு அதிக இடம் தருவது சாஃப்ட்பாலின் டிபி/ஃப்ளெக்ஸ். டிபி (டெசிக்னேட்டட் பிளேயர்) என்பவர், பீல்டிங் மட்டும் செய்யும் ஃப்ளெக்ஸுக்குப் பதிலாக பேட்டிங் செய்பவர். பேட்டிங் வரிசையில் 9 பேர், 10ஆவது வரியில் ஃப்ளெக்ஸ். டிபி எந்த இடத்திலும் பீல்டிங் செய்யலாம். கேட்சர் இடத்தில் நின்றால், கேட்சர் பேட்டிங்கைத் தொடர்வார், எதுவும் இழப்பில்லை. ஃப்ளெக்ஸின் இடத்தில் நின்றால்தான் ஃப்ளெக்ஸ் வெளியேறி அணி 9 பேராகும். தொடக்க ஆட்டக்காரர் ஒருமுறை திரும்பி வரலாம். கவனிக்க வேண்டியது ஒன்றே: ஃப்ளெக்ஸ் பேட் பிடிப்பது டிபியின் இடத்தில் மட்டும், வேறு இடத்தில் இறக்கினால் அது சட்டவிரோத மாற்றம்.